200-600 லென்ஸ் வாங்க வீட்டில் கேட்கணுமா, வாங்கிட்டுச் சொன்னால் போதுமா?

பனங்காடை | வெள்ளி, இரவு 9:12

இந்தப் பேச்சு எப்ப வந்தாலும் ஜோக்கில் ஆரம்பித்து ஜோக்கிலேயே முடியுது. கூரியரை ஆபீஸ் முகவரிக்குப் போடு, "நண்பனோட லென்ஸ், ரெண்டு நாளைக்குத் தந்திருக்கான்"னு சொல்லு, பில்லைக் கிழிச்சுப் போடு. போதும். இந்தத் தடவை கணக்கோட பேசுவோம்.

ஒரு உதாரணம் வைக்கிறேன். சோனி ஏ6400 கேமரா பாடியும் 70-350 மி.மீ. ஜூம் லென்ஸும் ஏற்கனவே இருக்கு. தூரத்துப் பறவையை எடுக்க 200-600 மி.மீ. லென்ஸ் வேணும். விலை கடைக்குக் கடை மாறும், 1,70,000 என்று வைத்துக்கொள்வோம். புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேருக்கும் சம்பளம். வீட்டுச் செலவு, பிள்ளைங்க ஃபீஸ், சேமிப்பு எல்லாம் பொதுக் கணக்கிலிருந்து போகுது. அதுபோக ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று கைச்செலவுக்கு எடுத்துக்கிறாங்க. அதில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம்தான் இது.

என் கட்சி: இதுக்கு யாரையும் கேட்க வேண்டியதில்ல. மறைக்கவும் வேண்டாம். வாங்கி மேசை மேல வெச்சு, விலையைச் சொன்னா போதும். கேட்க ஆரம்பிச்சா வர்ற பதில் "இப்ப எதுக்கு?" மட்டும்தான். அதுக்கப்புறம் வாங்கினா பேச்சை மீறினதா ஆயிடும். எதிர்க்கட்சி வரலாம்.

எஃப்8_போதும் | வெள்ளி, இரவு 9:47

"1,70,000" என்று எழுதினீர்களே, தகராறு அந்த எண்ணில்தான் இருக்கிறது. அது லென்ஸின் விலை. வீட்டிலிருந்து வெளியே போகப்போகும் தொகை அது இல்லை.

லென்ஸ் எடை, முக்காலியில் மாட்டும் தாங்கி இல்லாமலே 2,115 கிராம். ஏ6400 சுமார் 400 கிராம். இரண்டரைக் கிலோவைக் கையில் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் ஒரு புதரைப் பார்த்து நிற்க எல்லோராலும் முடியாது. கேமராவோடு வந்த கிட் லென்ஸ் காலத்தில் வாங்கிய முக்காலியில் ஏற்றினால், 600-இல் ஒரு காற்று அடித்தாலே வ்யூஃபைண்டரில் பறவை ஆடும். உருப்படியான முக்காலியோடு, கனமான லென்ஸை லேசாகத் திருப்ப உதவும் கிம்பல் தலையும் சேர்த்து 20,000. லென்ஸோடு வரும் தாங்கியின் கால், முக்காலித் தலையில் இருக்கும் ஆர்க்கா-ஸ்விஸ் வகைப் பிடிப்பில் நேரடியாக உட்காராது. தட்டு அல்லது மாற்றுக் கால், 2,500. நீளம் 318 மி.மீ., பழைய தோள்பையில் நுழையாது. பை 6,000. கடலோர ஊர் என்றால், ஈரத்தில் பூஞ்சை பிடிக்காமல் வைக்க உலர் அலமாரி கட்டாயம். சின்ன டப்பாவில் இது அடங்காது. 10,000.

அடுத்து கோப்புகள். ஒரு காலையில் 2,000 படம், ஒரு ரா கோப்பு (கேமரா பதியும் மூலப் படம்) சுமார் 25 எம்பி என்றால் 50 ஜிபி. நவம்பர் முதல் மார்ச் வரை மாதம் மூன்று காலை போனால் 15 காலை, 750 ஜிபி. ஒரே வட்டில் வைப்பவர் வைக்கட்டும். இரண்டு பிரதி வேண்டுமென்றால் 2 டிபி வட்டு இரண்டு, 14,000.

மொத்தம் 52,500. தரத்தைப் பொறுத்துக் கூடும், குறையும். ஆக உங்கள் லென்ஸ் 2,22,500. மேசை மேல் வைத்து 1,70,000 என்று சொன்னால் அது உண்மையே இல்லை. மீதி ஆறு மாதத்தில் ஒவ்வொரு பார்சலாக வரும். வீட்டில் எரிச்சல் வருவது முதல் பார்சலுக்கு அல்ல, நான்காவதுக்கு.

இருட்டறை | வெள்ளி, இரவு 10:05

மறைக்கிறதுன்னு தீர்மானம் பண்ணினவங்க நிக்கான் 180-600 பக்கம் போயிடுங்க. அது கருப்பு. சோனி 200-600 பளிச்சுன்னு வெள்ளை, ஒரு அடிக்கு மேல நீளம், ஹூட் மாட்டினா இன்னும் நீளம். பீரோவில் எங்கே வெச்சாலும் "இது என்ன?"ன்னு கேள்வி வரும். 70-350 மாதிரி 625 கிராம் கருப்புக் குழாய்னா பழசா புதுசான்னு யாருக்கும் தெரியாது. வெள்ளை லென்ஸ் தயாரிக்கிறவனுக்குக் குடும்ப வாழ்க்கை பற்றி ஒண்ணும் தெரியாது.

சீரியஸா ஒண்ணு. மறைக்கிறவன் முதல்ல தூக்கிப் போடுறது அட்டைப்பெட்டியையும் பில்லையும். மூணு வருஷம் கழிச்சு விற்கப் போகும்போது வாங்குறவன் முதல்ல கேட்கிறதும் அதே ரெண்டுதான். சீரியல் நம்பரோட இந்திய பில் இல்லேன்னா "கிரே மார்க்கெட் சரக்கு", அதாவது கம்பெனி வழியா வராத சரக்குன்னு அடிமாட்டு விலைக்குக் கேட்பான். இன்சூரன்ஸ் எடுக்கவும் பில் வேணும்.

மாம்பலத்தாள் | வெள்ளி, இரவு 10:31

> கேட்க ஆரம்பிச்சா வர்ற பதில் "இப்ப எதுக்கு?" மட்டும்தான்

இல்லை பனங்காடை. பெரும்பாலும் வர்ற கேள்வி "இருக்கிற கேமராவுக்கு என்ன ஆச்சு?". இதைக் குத்தல்னு எடுத்துக்கிட்டா உங்க தப்பு. சுத்தமான தொழில்நுட்பக் கேள்வி அது. இந்த மன்றத்துல யாராவது கேட்டிருந்தா மூணு பக்கம் பதில் எழுதியிருப்பீங்க. வீட்டுல கேட்டா மட்டும் முகம் தூக்கிடுது.

பதில் இருக்கு. வெண்மார்பு மீன்கொத்தி சுமார் 28 செ.மீ. நாற்பது மீட்டர் தூரத்துல உட்கார்ந்திருக்கு. 350 மி.மீ.-ல, கேமராவுக்குள்ள படத்தைப் பதியற சென்சார் மேல விழற பிம்பம் 2.45 மி.மீ. ஏ6400 சென்சார் அகலம் 23.5 மி.மீ., அதுக்கு 6,000 பிக்சல். ஆக பறவைக்குக் கிடைக்கிறது 625 பிக்சல். 600-ல 4.2 மி.மீ., 1,070 பிக்சல். அச்சுல அங்குலத்துக்கு 300 புள்ளின்னு வெச்சா முதலாவதுல பறவை ரெண்டு அங்குலம், அடுத்ததுல மூன்றரை. பரப்புன்னு பார்த்தா கிட்டத்தட்ட மூணு மடங்கு. இதை லேப்டாப்புல நூறு சதவீதத்துல திறந்து காட்டினா போதும், எஃப் ஸ்டாப் தெரியாதவங்களுக்கும் புரியும்.

ஆனா அதே கணக்கை நேர்மையா முழுசாச் சொல்லணும். காலை ஒன்பதுக்கு மேல தண்ணிப் பரப்புக்கு மேல எடுத்தா, வெயிலில் காற்று அலையறதுல 600-ம் குழையும், 350-ம் குழையும். வேடந்தாங்கல் கரையிலிருந்து தூரத்து மரத்துல இருக்கிற நாரைக்கு எந்த லென்ஸும் வித்தை காட்டாது. கிட்டப் போய் எடுக்கிற சின்னப் பறவைக்குத்தான் இந்தப் பணம் வேலை செய்யும். போறது முழுக்க வேடந்தாங்கலும் பழவேற்காடும்தான்னா "என்ன ஆச்சு?"ங்கிற கேள்விக்கு உண்மையான பதில் "ஒண்ணும் ஆகலை".

பனங்காடை | வெள்ளி, இரவு 11:02

கணக்கு அருமை, மேடம். ஆனா ஒரு விஷயம். நகைச்சீட்டு கட்டி முடிச்சு வளையல் எடுக்கிறவங்க யாராவது கணவரிடம் "பழைய வளையல் 625 பிக்சல், புதுசு 1,070 பிக்சல்"னு விளக்கம் கொடுக்கிறாங்களா? ஒருத்தரோட கைச்செலவுப் பணத்துக்கு ஆய்வறிக்கை, இன்னொருத்தருக்கு ஒண்ணுமில்ல. அது என்ன நியாயம்?

தங்கம் முதலீடுன்னு உடனே சொல்லாதீங்க. 1,70,000-க்கு நகை எடுத்தா 12 சதவீதம் செய்கூலி-சேதாரம், மேல 3 சதவீதம் ஜிஎஸ்டி. உள்ளே இருக்கிற தங்கம் 1,47,000 சொச்சம். கடையை விட்டு வெளியே வந்ததும் 22,000-க்கு மேல போச்சு. நல்ல டெலி லென்ஸும் முதல் நாள் கிட்டத்தட்ட அவ்வளவுதான் இழக்கும்.

மாம்பலத்தாள் | வெள்ளி, இரவு 11:20

முதல் நாள் சரி. ஐந்தாவது வருஷம்? லென்ஸாவது தாங்கும். பாடி, அடுத்த மாடல் வந்த வாரமே சறுக்கும். உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா வந்தப்புறம் பழைய டிஎஸ்எல்ஆர் பாடிகள் என்ன விலைக்குப் போகுதுன்னு விற்பனைப் பகுதியில போய்ப் பாருங்க. முக்கியமா ஒண்ணு: ராத்திரி ஆஸ்பத்திரியில முன்பணம் கட்டச் சொன்னா காலையில வளையலை வங்கியில வெச்சுப் பணம் வாங்கலாம். 200-600-ஐ எந்த வங்கியும் எடை போட்டு வாங்காது. வீட்டுல நகையைச் செலவுன்னு பார்க்காததுக்குக் காரணம் அதுதான், அலங்காரம் இல்லை.

அப்புறம், கேமரா வாங்குறது எப்பவும் கணவன், கேட்கிறது எப்பவும் மனைவின்னே எல்லாரும் எழுதறீங்க. பெண் ஒருத்தி, பூச்சி மாதிரி சின்னதைக் கிட்டத்துல எடுக்கிற மேக்ரோ லென்ஸ் வாங்கினா வர்ற கேள்வி வேற மாதிரி: "போன்லயே நல்லாத்தானே வருது?" அதுக்கும் பதில் கணக்குதான். ஒன்றுக்கு ஒன்று உருப்பெருக்கம்னா (பொருளும் சென்சார் மேல விழற பிம்பமும் ஒரே அளவு) 23.5 மி.மீ. அகலப் பொருள் படம் முழுக்க நிறையும். போன் மேக்ரோவுல அதே அளவுக்குப் போக லென்ஸ் பூச்சி மேல முட்டணும், வெளிச்சம் மறையும், பூச்சி பறந்திடும்.

வட்டிக்கணக்கு | சனி, காலை 7:15

சேர்த்த பணம் என்று பனங்காடை எழுதியதால் விவாதம் கண்ணியமாகப் போகிறது. நடைமுறையில் பாதிப் பேர் 'நோ காஸ்ட் இஎம்ஐ'யில் வாங்குகிறார்கள். மறைப்பவர்களுக்கு அதுதான் கண்ணி.

1,70,000-ஐ 12 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 14,167. வட்டி இல்லை என்பது பேச்சுக்கு. வங்கி 15 சதவீதம் போடுகிறது என்றால், வட்டித் தொகை சுமார் 13,040-ஐ விலையில் தள்ளுபடியாகக் கழித்து, மீதிக்கு வட்டியோடு தவணை போடுவார்கள். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி நம் தலையில்: சுமார் 2,350. அதோடு செயலாக்கக் கட்டணம் தனி. ஒரே தடவையில் கட்டியிருந்தால் கிடைத்திருக்கும் ரொக்கத் தள்ளுபடியும் பெரும்பாலும் போய்விடும். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-இலேயே சொல்லிவிட்டது.

இப்போது குடும்ப விஷயம். இருவரும் சேர்ந்து வீட்டுக் கடனுக்குப் போகிறார்கள். வங்கி ஆறு மாத ஸ்டேட்மென்ட் கேட்கும், கடன் வரலாறு காட்டும் சிபில் அறிக்கை எடுக்கும். ஓடிக்கொண்டிருக்கும் தவணையைக் கடன் தகுதியில் கழிக்கும். 8.5 சதவீதம், 20 ஆண்டு என்றால் ஒரு லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் 868. ஆக 14,167 ரூபாய் தவணை, காகிதத்தில் 16 லட்சம் ரூபாய் கடன் தகுதியை விழுங்கும். சில மாதத்தில் முடியும் தவணையைச் சில வங்கிகள் கணக்கில் எடுக்காது, உண்மைதான். ஆனால் அந்த விஷயம் அதிகாரி மேசையில், இருவரும் அருகருகே உட்கார்ந்திருக்கும்போது தெரியவரும். லென்ஸின் விலையைவிட அந்த ஐந்து நிமிடம் அதிகம்.

வாடகை_லென்ஸ் | சனி, காலை 8:40

சண்டையே வேண்டாம். வாடகைக்கு எடுங்க.

வருஷத்துக்கு 15 காலை என்று எஃப்8 சாரே கணக்குப் போட்டுட்டார். நாள் வாடகை 1,200 என்றால் 18,000. வாங்கின லென்ஸ் முதல் வருஷத்துல இழக்கிற மதிப்பே அதைவிட அதிகம். வீட்டுல கேட்கிற கேள்விக்கும் எளிய பதில்: "பிடிக்குதான்னு ஒரு சீசன் பார்க்கிறேன்."

கவனிக்க வேண்டியது: பொங்கல் வாரம் லென்ஸ் கிடைக்காது, டிசம்பரிலேயே சொல்லி வைக்கணும். அடையாள அட்டையோட டெபாசிட் கேட்பாங்க. கையில வாங்கினதும் கடையிலேயே முன் கண்ணாடி, பின் மவுன்ட், ஜூம் வளையம் மூணையும் போன்ல வீடியோ எடுத்துக்குங்க. ஏற்கனவே இருந்த கீறலுக்குத்தான் திருப்பும்போது அதிகமா சண்டை வருது. கீழே விழுந்தா செலவு உங்களோடது.

வாங்கியே ஆகணும்னா செகண்ட் ஹேண்ட். டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து சாய்வா அடிச்சு, சிலந்தி வலை மாதிரி பூஞ்சை இருக்கான்னு பாருங்க. 600-ல தூரத்துச் செங்கல் சுவரை நேருக்கு நேரா எடுத்து நாலு மூலையும் ஒப்பிடுங்க. ஒரு மூலை மட்டும் குழைஞ்சிருந்தா உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கு, விட்டுட்டு வாங்க.

எஃப்8_போதும் | சனி, காலை 9:05

வாடகைக் கணக்கு சரி. ஆனால் பறவை வெள்ளிக்கிழமை மாலை முன்பதிவு செய்துகொண்டு வராது. செவ்வாய்க்கிழமை பள்ளிக்கரணையில் ஏதோ புதிய வலசைப் பறவை வந்திருக்கிறது என்றால் வாடகைக்காரர் வாட்ஸாப்பில் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். மாதம் ஆறு தடவைக்கு மேல் போகிறவருக்கு வாங்குவதே மலிவு. இதில் நான் பனங்காடை பக்கம்.

முக்கியமானதை இன்னும் யாரும் தொடவில்லை. ஏ6400-இல் மெமரி கார்டு செருகும் இடம் யுஹெச்எஸ்-1 என்ற வேகம் குறைந்த வகை. விலை உயர்ந்த வி90 கார்டு வாங்கினாலும் அந்த வேகம் கிடைக்காது, காசு வீண். ராவில் நாற்பது சொச்சம் படத்தில் பஃபர் (கார்டில் எழுதும்வரை படம் தங்கும் உள் நினைவகம்) நிரம்பும். நொடிக்கு 11 படம் என்றால் நான்கு நொடி. மீன்கொத்தி பாயும் நேரத்தில் கேமரா எழுதிக்கொண்டிருக்கும். ஆகவே 200-600 வந்த அடுத்த சீசனிலேயே "பாடி போதவில்லை" என்ற பேச்சு வந்தே தீரும். வீட்டில் கேட்கும் இரண்டாவது கேள்வி இதுதான்: "இதோட முடிஞ்சுதா?" பொழுதுபோக்கு தெரியாத ஒருவர், பஃபர் என்ற சொல்லே கேள்விப்படாமல், சரியான இடத்தில் கை வைக்கிறார். "முடிஞ்சுது" என்று சொன்னால் பொய்.

இருட்டறை | சனி, காலை 9:30

லஞ்ச லென்ஸ் பற்றி யாருமே பேசலையே. சிக்மா 30 மி.மீ. எஃப்/1.4, வீட்டுக்குள்ள எடுக்கிற லென்ஸ். 265 கிராம்தான், 200-600-க்கு முன்னாடி சில்லறை விலை. "குழந்தை பர்த்டேக்கு"ன்னு அதையும் சேர்த்து வாங்கிடணும். ஒரே பில், ஒரே பார்சல். பெரிய லென்ஸ் அதுக்குப் பின்னாடி நைசா வந்திடும்.

மாம்பலத்தாள் | சனி, காலை 9:52

லஞ்சம்னு பேர் வெச்சு அதைக் கெடுக்காதீங்க, யோசனை நல்ல யோசனை. 200-600 குறைந்தபட்சம் 2.4 மீட்டர் தள்ளி நின்னாதான் ஃபோகஸ் ஆகும். கேக் வெட்டுற ஹாலுல அதை வெச்சு ஒரு காதைத்தான் எடுக்க முடியும். ரெண்டு லட்சம் செலவு பண்ணியும் வீட்டுப் படம் எல்லாம் போன்லயே இருக்குங்கிற குறை நியாயமான குறை.

ஆனா 30-ஐ வாங்கி அலமாரியில வெச்சா லஞ்சம்தான். வாங்கினா எஃப்/2, ஐஎஸ்ஓ 1600, ஷட்டர் 1/250-ன்னு கேமராவோட மெமரியில பதிஞ்சு வெச்சிடுங்க. வீட்டுல யார் எடுத்தாலும் டயலை அதுக்குத் திருப்பி அமுக்கினா படம் வரணும். வருஷத்துக்கு அறுபது படம் தேர்ந்தெடுத்து அச்சுப் போட்டு ஆல்பத்துல ஒட்டுங்க. ஹார்ட் டிஸ்க்குல இருக்கிற 750 ஜிபி நாரையை யாரும் புரட்டிப் பார்க்கப் போறதில்லை.

பனங்காடை | சனி, மதியம் 12:10

எல்லாரும் பணத்துல நிக்கிறீங்க. பணம் என் கைச்செலவிலிருந்துதான்னு முதல் பதிவிலேயே எழுதிட்டேன். 1,70,000 இல்ல 2,22,500, ஏத்துக்கிறேன். அதையும் என் பங்கிலிருந்தே சேர்த்தா?

எஃப்8_போதும் | சனி, மதியம் 12:38

பணம் உங்கள் பங்கு. நேரம்?

சென்னையிலிருந்து வேடந்தாங்கல் எண்பது கிலோமீட்டருக்கு மேல். ஆறு மணிக்கு அங்கே நிற்க நாலரைக்குக் கிளம்ப வேண்டும். திரும்பி வர பதினொன்று. 2,000 படத்தை ஒன்றுக்கு இரண்டு விநாடி பார்த்துக் கழித்தாலே ஒரு மணி ஏழு நிமிடம். அதற்குப் பிறகு தேறிய நாற்பதைத் திருத்துவது தனி. ஞாயிறு மதியம் வரை போய்விட்டது. காலையில் பால் வாங்குவது, பிள்ளையை வகுப்புக்குக் கொண்டுபோய் விடுவது, வந்த விருந்தாளியோடு உட்கார்வது எல்லாம் ஒருவர் தலையில். இந்தப் பங்கு எந்தக் கைச்செலவுக் கணக்கிலும் இல்லை. "லென்ஸ் வேண்டாம்" என்று வீட்டில் சொல்வது பல இடங்களில் இந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான்.

பனங்காடை | சனி, மதியம் 1:05

அது லென்ஸ் பிரச்சினை இல்ல. 70-350 வெச்சிருந்தாலும் அதே நாலரைதான், அதே 2,000 படம்தான். சொல்லப்போனா 350-ல வெட்டி வெட்டிப் பார்க்கிறதுக்கு இன்னும் நேரம் ஆகும். ஞாயிறை வேற பேச்சா பேசுங்க, லென்ஸ் மேல ஏத்தாதீங்க.

என் நிலை இப்போ இதுதான்: முழுத் தொகையைச் சொல்லுவேன், அடுத்த பாடி வரும்ங்கிறதையும் சொல்லுவேன். ஆனா அது அறிவிப்பு, விண்ணப்பம் இல்ல.

மாம்பலத்தாள் | சனி, மதியம் 1:20

அறிவிப்பு பில்லுக்கு முன்னாடியா, பின்னாடியா?

பனங்காடை | சனி, மதியம் 1:24

முன்னாடி. ஒரு நாள் முன்னாடி.

வாடகை_லென்ஸ் | சனி, மதியம் 1:31

ஒரு நாள் பத்தாது சார். பெட்டி பிரிச்ச லென்ஸைப் பெரும்பாலான கடை திருப்பி எடுக்காது. முன்பணம் கட்டறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க.

இருட்டறை | சனி, மதியம் 1:40

சொல்லிட்டு, கூரியரை வீட்டு முகவரிக்கே போடுங்க. ஆபீஸ் செக்யூரிட்டி அந்தப் பெட்டியை நிமிர்த்தி வைப்பாரா படுக்க வைப்பாரான்னு சொல்ல முடியாது.